என் கால் அங்கே இல்லை

என் கால் அங்கே இல்லை, அண்ணே. முதலில் அதைக் கேட்டுக்கங்க, மத்ததை அப்புறம் கேளுங்க. வீடியோவில் தெரியறது எங்க பச்சைச் சட்டை, சரி. லிவி இறங்குற இடத்தில் ஒரு கால் இருக்கு, அதுவும் சரி. அது என் கால் இல்லை.

நீங்க வீடியோவெல்லாம் பார்த்திருக்க மாட்டீங்க. நீங்க கேட்டது ஷூவைத்தான். மஞ்சப்பையில் எதுக்குப்பா ஒத்தை ஷூன்னு. தேனியில் பஸ் ஏறினதிலிருந்து அதையேதான் பார்த்துக்கிட்டு வந்தீங்க, நானும் கவனிச்சேன். இது லிவியோட இடது கால் ஷூ. வலது கால் ஷூ அவன் காலிலேயே ஆம்புலன்ஸில் மதுரைக்குப் போயிடுச்சு. இது எங்க பெஞ்சுக்குக் கீழே கிடந்தது. யாரும் எடுக்கலை. நான் எடுத்து வச்சேன். இப்போ ஆஸ்பத்திரிக்குப் போய்க் கொடுக்கப் போறேன்.

லிவின்னா லிவிங்ஸ்டன். பாஸ்கெட்பால் ஆடுறவன். தூரத்தில் நின்னு சுடுவான், மூணு பாயிண்ட் கோட்டுக்கு வெளியே நின்னு. நான் அழகுராஜா. ஆனா எங்க ஊர் கோர்ட்டில் வந்து அழகுராஜா எங்கேன்னு கேட்டா ஒருத்தனும் கை காட்ட மாட்டான். அட்டைன்னு கேக்கணும். மலைக்குப் போனா மழைக்காலத்தில் காலில் ஏறி ஒட்டிக்குமே, அந்த அட்டை. எதிர் டீமில் எவன் நல்லா சுடுறானோ அவன்கிட்ட ஒட்டிக்குவேன். உதற முடியாது. கோச் வச்ச பேர்.

அந்தப் பேர்தான் இப்போ என் கழுத்தைப் பிடிக்குது. அட்டை யாரைப் பிடிப்பான்? எதிர் டீம் ஷூட்டரைப் பிடிப்பான். லிவி இப்போ எதிர் டீம். லிவி விழுந்து கிடக்கிறான். அப்போ யார் கால்? அட்டை கால். ஊர் இவ்வளவுதான் யோசிக்குது. நான் வாட்டர் கேன் போடுறேன் அண்ணே, ஸ்கூலுக்குப் போறதில்லை. ரெண்டு மாடி ஏறி கேனை இறக்கி வச்சுட்டு நிக்கிறேன், அந்த வீட்டு அக்கா கேக்குது: "ஏம்ப்பா, கூட விளையாண்ட புள்ளைய இப்படிப் பண்ணலாமா?" காலி கேனை எடுத்துக்கிட்டு இறங்கி வந்துட்டேன்.

அப்போ நீ எங்கே நின்னேன்னு கேக்கிறீங்க. சொல்றேன். அவசரப்படாதீங்க. அவசரப்படுறது என் வேலை.

எங்க கோச் பேர் இருளப்பன். மின்வாரியத்தில் லைன்மேன். சாயங்காலம் கம்பத்திலிருந்து இறங்கினா வீட்டுக்குக்கூடப் போகாம நேரா கோர்ட்டுக்கு வந்துடுவார். பேச்சு குறைவு. ஆனா கார்டு ரெண்டு பேரை ஜோடி சேர்க்கிறதில் மட்டும் அவருக்குப் பைத்தியம். கார்டுன்னா பந்தை மேலே கொண்டு போறவங்க, வெளியே நின்னு ஆடுறவங்க. "ரெண்டு பேரும் சுடுறவனா போட்டா நூறு அடிப்போம், நூத்திப்பத்து வாங்குவோம். ரெண்டு பேரும் தடுக்கிறவனா போட்டா அவனும் அடிக்க மாட்டான், நாமளும் அடிக்க மாட்டோம், பாக்க வந்தவன் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவான்"னு சொல்லுவார். அதனால் சுடுறவன் ஒருத்தன், தடுக்கிறவன் ஒருத்தன். ஒரு தடவை சேர்த்துட்டார்னா பிரிக்க மாட்டார். உள்ளே போனா சேர்ந்து போகணும், வெளியே வந்தா சேர்ந்து வரணும். தண்ணி பாட்டில் ஒண்ணுதான். வெளியூர் மேட்சுக்குப் போனா ரெண்டு பேருக்கும் ஒரே பாய்.

தண்டனையும் மாத்தி மாத்தித்தான். லிவி ஷாட்டை விட்டா நான் கோர்ட்டைச் சுத்தி ஓடணும். நான் ஆளைக் கோட்டை விட்டா லிவி ஓடணும். அவன் தப்புக்கு நான், என் தப்புக்கு அவன். அந்தப் பயல் சில நாள் வேணும்னே விடுவான். "அட்டை, உனக்குத் தொப்பை போடுதுடா, அதான்"னு சொல்லிட்டு இடுப்பில் கை வச்சு நிப்பான். நான் ஓடிக்கிட்டே அவன் வீட்டு ஆளுக எல்லாரையும் திட்டுவேன். அவங்க அம்மா ஒரு நாள் காம்பவுண்டுக்கு வெளியே நின்னு அதைக் கேட்டுட்டாங்க. மறுநாள் எனக்குச் சோறு போடும்போது, "நல்லா சாப்புடு, அப்பத்தான் என்னையச் சத்தமா திட்டலாம்"னாங்க.

இன்னொண்ணு சொல்லணும். இது தெரியாம உங்களுக்கு எதுவும் புரியாது.

சுடுறவன் குதிச்சா இறங்கணும்ல? அவன் கண்ணு வளையத்தில் இருக்கு. கீழே என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. அவன் இறங்குற இடத்தில் நம்ம கால் கிடந்தா, அவன் கால் அதுமேலே விழுந்து கணுக்கால் மடங்கும், இல்லேன்னா முட்டி போகும். அதனால் எங்க கோச் பிராக்டிஸில் சாக்பீஸால் தரையில் வட்டம் போடுவார். "இது அவன் வீடு. கையை எம்புட்டு வேணும்னாலும் தூக்கு. காலை உள்ள வச்சேன்னா அப்புறம் பந்தைத் தொடாத." ஒவ்வொருத்தனுக்கும் வட்டம் வேற. லிவி குதிச்ச இடத்திலேயே இறங்க மாட்டான். ஒரு அடி முன்னாடி வந்து இறங்குவான். இடது கால் முதலில், விரல் கொஞ்சம் உள்ளே திரும்பி. வலது மூலையிலிருந்து சுட்டா இன்னும் கொஞ்சம் வெளிக்கோட்டுப் பக்கம் சாய்வான். இது அவனுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். தினம் அவன் முன்னாடி கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறவன் நான்தானே. அப்புறம் அவன் வட்டத்தை நானே போட ஆரம்பிச்சேன். கண்ணை மூடிக்கிட்டுப் போடுவேன்.

போன வருஷம் மதுரையிலிருந்து ஒரு காலேஜ் கோச் மேட்ச் பார்க்க வந்தார். லிவி அன்னைக்கு மழையா பொழிஞ்சான். மூலையிலிருந்து, நடுவிலிருந்து, எங்கிருந்து போட்டாலும் உள்ளே. ஆனா எதிர் டீம் ஷூட்டர் எத்தனை அடிச்சான்? ஒண்ணுமே அடிக்கலை. அது யார் வேலை? ஸ்கோர் ஷீட்டில் அடிச்சதுக்குக் கட்டம் இருக்கு. அடிக்க விடாம வச்சதுக்குக் கட்டம் கிடையாது. லிவிக்கு சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் கிடைச்சது. ஆடுற வரைக்கும் அது அவனுக்கு. ஆடலைன்னா கிடையாது, அதையும் அப்பவே சொல்லிட்டாங்க. அவங்க அம்மா நைட்டி தைச்சுத்தான் வீட்டை ஓட்டுறாங்க, அவங்களுக்கு வேற வழியும் இல்லை.

லிவி அந்தக் கோச்கிட்ட என்னைக் காட்டி, "சார், இவன் இல்லாம நான் இல்ல சார்"ன்னான். அவர் என்ன படிக்கிறேன்னு கேட்டார். நான் பிளஸ் ஒன்னிலேயே நின்னுட்டேன்னு சொன்னேன். உண்மையைச் சொல்றதுக்கு எனக்கு என்ன வெக்கம்? அவர் சிரிச்சுட்டு லிவி பக்கம் திரும்பிட்டார். எனக்குப் பொறாமையெல்லாம் இல்லை. நீங்க கேட்பீங்கன்னு தெரியும், அதான் முன்னாடியே சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை ஆனா லிவி போன் பண்ணுவான். நான் எடுக்கிறதில்லை. ஞாயித்துக்கிழமை கேன் லோடு ஜாஸ்தி. கல்யாண மண்டபத்துக்கெல்லாம் போடணும்.

பஸ் கணவாய் ஏறப் போகுது. ஜன்னலைச் சாத்துங்க, காத்து மூஞ்சியில் அடிக்கும்.

லிவி போனதும் எனக்குப் புது ஜோடி சேர்த்தார் கோச். யோகேஷ். எங்க கிளப் தலைவரோட அக்கா மகன். கோயம்புத்தூரில் காசு கட்டி கோச்சிங் போனவன். சுடுவான், நல்லாத்தான் சுடுவான். ஆனா தடுக்கச் சொன்னா கால் நகராது. ஆளு அவனைத் தாண்டிப் போனப்புறம் திரும்பிப் பார்ப்பான், பஸ்ஸை விட்டவன் மாதிரி. கோச் சொன்னார்: "அவன் கால் நகராது, உன் கை சுடாது. ரெண்டையும் சேத்து ஒரு ஆளு. சமாளி." சமாளிச்சேன். எதிர் டீமில் நல்ல கார்டை நான் பிடிப்பேன், சுமாரானவனை யோகேஷ் பிடிப்பான். ஒரு வருஷமா அப்படித்தான் ஓடுச்சு.

இந்த மே மாசம் எங்க ஊர் டோர்னமெண்ட். செமி ஃபைனலில் யார்கூடன்னு சீட்டுப் போட்டாங்க. லிவியோட காலேஜ்.

அன்னைக்கு பிராக்டிஸ் முடிஞ்சு யோகேஷ் எங்கிட்ட வந்தான். "ப்ரோ, அவன் சுட்டுட்டு எங்க இறங்குவான்?"

பார்ட்னர் கேட்டான், சொன்னேன். பார்ட்னர்கிட்ட மறைக்கக் கூடாது, அது எங்க கோர்ட் வழக்கம். எந்தக் கையில் சுளுக்கு, எந்தப் பக்கம் கண்ணு மங்கல், எல்லாத்தையும் சொல்லித்தான் ஆகணும். சாக்பீஸ் எடுத்து வலது மூலையில் வட்டம் போட்டேன். "இங்க. இடது கால் முதல்ல. இதுக்குள்ள போயிராத, அவன் காலு போயிரும்"னு தெளிவாத்தான் சொன்னேன். அவன் குனிஞ்சு பார்த்தான். தன் செருப்புக் காலை வட்டத்துக்குப் பக்கத்தில் வச்சு வச்சுப் பார்த்தான். அப்புறம் போனில் போட்டோ எடுத்துக்கிட்டான். "எதுக்குடா?"ன்னேன். "மறந்துருவேன் ப்ரோ"ன்னான்.

மறதிக்காரன்தான். அதில் என்ன இருக்கு?

ரெண்டு நாள் கழிச்சு தலைவர் கார் வந்து கோர்ட் வாசலில் நின்னது. வெள்ளைக் கார். அவருக்கு எண்ணெய் மில் இருக்கு, எங்களுக்குச் சட்டை, பந்து, காலையில் முட்டை பாலெல்லாம் அவர் உபயம். காரை விட்டு இறங்க மாட்டார். கண்ணாடியை இறக்கி யாரையாவது கூப்பிடுவார். என்ஜின் ஓடிக்கிட்டே இருக்கும், அடியில் ஏ.சி. தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும். அன்னைக்கு என்னைக் கூப்பிட்டார்.

"சாப்டியாடா?"

"சாப்டேன் தலைவரே."

"லிவிங்ஸ்டன் வாறானாமே."

"ஆமா தலைவரே."

"நம்ம முட்டையும் பாலும் குடிச்ச காலு." கோர்ட்டையே பார்த்துக்கிட்டு இருந்தார். "அவன் எங்க இறங்குவான்னு கோடு போட்டே காட்டிட்டியாமே?"

"ஆமா தலைவரே."

"தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லதுதான்." அப்புறம், "நம்ம கோர்ட்ல வேற சட்டையப் போட்டுக்கிட்டு வந்து நம்மளயே அடிச்சுட்டு, நடந்து வீட்டுக்குப் போயிட்டா நல்லாவா இருக்கும்?"

நல்லா இருக்காதுன்னேன். நான் ஜெயிக்கிறதைத்தான் சொல்றார்னு நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கிறேன். அவர் வேற எதுவும் சொல்லலையே. காலை வைன்னு சொன்னாரா? சொல்லலை. கண்ணாடியை ஏத்தப் போனவர் நிறுத்தி, "உன் ஷூ என்னடா சைஸு?"ன்னார். எட்டுன்னேன். தலையை ஆட்டிட்டுக் கண்ணாடியை ஏத்திக்கிட்டார்.

நான் திரும்பிப் பார்த்தா கோச் லைட் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்னு என்னையே பார்த்துக்கிட்டு இருக்கார். "என்ன கேட்டாரு?" "சாப்டியான்னு கேட்டாரு சார். ஷூ சைஸ் கேட்டாரு." கோச் மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. விசில் கயித்தை விரலில் சுத்தி சுத்தி அவுத்தார். அந்த மனுஷன்கிட்ட அதான் பிரச்சினை. சொல்ல வேண்டியதை அப்பவே சொல்லித் தொலைய மாட்டார்.

மேட்ச் அன்னைக்கு ஊரே வந்திருந்தது. சேர் பத்தாம காம்பவுண்டு மேலேயெல்லாம் உக்காந்திருந்தாங்க. லிவி அவன் டீமோட வந்து இறங்கினான். ஊதாச் சட்டை. ஆளு கொஞ்சம் சதை போட்டிருந்தான், ஹாஸ்டல் சாப்பாடு. ஓடி வந்து என் தலையைப் பிடிச்சு ஆட்டினான்.

"ஏண்டா அட்டை, போன எடுத்தா கரண்ட் அடிக்குமா?"

"லோடு ஜாஸ்திடா."

"பெரிய லாரி ஓனரு. மேட்ச் முடிஞ்சு வீட்டுக்கு வா, அம்மா மீன் வாங்கி வச்சிருக்கு. நீ வரலைன்னா எனக்கும் கிடையாதாம்."

வர்றேன்னு சொன்னேன். வர்றதாத்தான் இருந்தேன்.

முதல் பாதி நான்தான் அவனைப் பிடிச்சேன். இதை ஏன் ஒருத்தனும் வீடியோ எடுக்கலை? முதல் பாதியைப் போய்ப் பாருங்க. அவன் சட்டைக்கும் என் சட்டைக்கும் நடுவில் காத்து போயிருக்காது. அவன் மூணு பாயிண்ட் ஒண்ணே ஒண்ணுதான் அடிச்சான், அதுவும் என் விரலுக்கு மேலே ஒரு நூல் இடைவெளியில். அடிச்சுட்டு, "கை வளரலையேடா உனக்கு"ன்னு சிரிச்சான். நானும் சிரிச்சேன். என் கால் ஒவ்வொரு தடவையும் வட்டத்துக்கு வெளியே இருந்தது. தரையில் அன்னைக்கு வட்டம் கிடையாது, ஆனா எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியும்.

பாதி முடியப் போற நேரம். வலது மூலை. அவன் கையில் பந்து வந்தது, எகிறினான், நான் கையைத் தூக்கிக்கிட்டு எகிறினேன். பந்து கையை விட்டுப் போச்சு. அப்போ, அண்ணே, அவன் கீழே பார்த்தான்.

உங்களுக்குப் புரியலை. லிவி கீழே பார்க்கவே மாட்டான். பந்து வளையத்தில் விழுற வரைக்கும் அவன் கண்ணு அதைவிட்டு நகராது. அத்தனை வருஷம் என் முன்னாடி குதிச்சவன், ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. அன்னைக்குப் பார்த்தான். என் கால் எங்கே இருக்குன்னு பார்த்தான். பார்த்து, காலைச் சுருக்கி, பின்னாடி தள்ளி இறங்கினான். ஷாட் வெளியே போச்சு.

"என்னடா?"ன்னேன்.

"ஒண்ணுமில்லடா"ன்னான். மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டே போனான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "நம்ம ஊர் ஆளு ஒருத்தர் பார்த்து ஆடுன்னு சொன்னாரு. அவ்வளவுதான்"ன்னான்.

யார் சொன்னதுன்னு சொல்லலை. எனக்கு அது வேண்டாம். என்னைப் பார்த்துப் பயந்தானா? என்னையவா? ஒரே பாயில் படுத்தவன். யோகேஷைப் பார்த்துப் பயந்திருந்தா சரி. எவனைப் பார்த்துப் பயந்திருந்தாலும் சரி. இடைவேளையில் ஆரஞ்சு வெட்டிக் கொடுத்தாங்க, வாயில் வைக்க முடியலை. நான் முடிவு பண்ணிட்டேன். நான் அவன்கிட்டயே போகலை. என் கால்மேலே தானே சந்தேகம்? என் கால் அந்தப் பக்கமே வராது. அப்போ என்ன சொல்லுவான்?

யோகேஷ்கிட்ட, "மாத்திக்குவோம். நீ லிவியப் பிடி, நான் மத்தவனப் பிடிக்கிறேன்"னேன். அவன் ஏன்னுகூடக் கேக்கலை. எப்பவும் தடுக்கச் சொன்னா முகம் சுளிக்கிறவன். அன்னைக்குத் தலையை ஆட்டிட்டு ஷூ லேஸை அவுத்து இறுக்கமாக் கட்டினான்.

மூணாவது குவார்ட்டரில் லிவி கொட்டித் தீர்த்தான். பின்னே? யோகேஷ் பிடிச்சா வேற என்ன நடக்கும்? ரெண்டடி தள்ளி நிப்பான், கையை மட்டும் ஆட்டுவான், விசிறி மாதிரி. நாங்க முன்னாடி இருந்த மேட்ச் சரிக்குச் சரி வந்துடுச்சு. வெளியே தலைவர் கார் நின்னுக்கிட்டு இருந்தது, கண்ணாடி இறங்கியே இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கலை. அப்போ கோச் டைம் அவுட் கேட்டார்.

டைம் அவுட்டுக்கு அப்புறம்தான் நடந்தது. வலது மூலை. லிவி எகிறினான். ஒரு வருஷமா நகராத கால் அன்னைக்கு நகர்ந்தது, அண்ணே. ரெண்டடி தள்ளி நிக்கிறவன் சரியா வந்து நின்னான். கை மேலே போகவே இல்லை. கால் மட்டும் போச்சு. நான் எதிர் மூலையில் நின்னேன், ரொம்பத் தூரம், கோர்ட்டோட அந்தக் கடைசி. அங்கிருந்தே பார்த்தேன். லிவி இந்தத் தடவை கீழே பார்க்கலை. அவன் எதுக்குப் பார்க்கணும், நான்தான் அங்கே இல்லையே. பந்து வளையத்தில் விழுந்தது. அவன் இறங்கினான். கரும்பை முறிச்ச மாதிரி ஒரு சத்தம். கூட்டம் கத்தின கத்தலில் எப்படிக் கேட்டதுன்னு தெரியலை, கேட்டது.

நான்தான் முதலில் ஓடினேன். ஷூவைக் கழட்டச் சொன்னது யாருன்னு தெரியலை, லேஸை அவுத்ததும் நான்தான். முட்டிக்குக் கீழே கால் வேற பக்கம் திரும்பியிருந்தது. அவன் என்னைப் பார்த்தான். கத்தலை, அழலை. பார்த்துக்கிட்டே இருந்தான். "நான் இல்லடா"ன்னேன். "லிவி, நான் இல்லடா." அவன் கண்ணை மூடிக்கிட்டான்.

ரெஃப்ரீ ஃபவுல் கொடுத்தார். யோகேஷ் கையைத் தூக்கிக் காட்டினான், நல்ல பையன் மாதிரி. கூட்டம் உள்ளே ஓடி வந்ததில் அதை யாரும் பார்க்கலை, வீடியோவிலும் பச்சைச் சட்டையும் காலும்தான் இருக்கு. நாங்க ஜெயிச்சோம். ஃபைனலில் தோத்தோம், அதை யாரும் இப்போ பேசுறதில்லை.

முட்டியில் ஜவ்வு ரெண்டு அறுந்துடுச்சாம். நாளைக்கு ஆபரேஷன். திரும்ப ஆடுவானான்னு டாக்டர் வாயைத் திறக்கலைன்னு அவங்க அம்மா சொன்னாங்க. நான் போன் பண்ணினா லிவி எடுக்கறதில்லை, அம்மாதான் எடுக்கிறாங்க. "தூங்குறான்ப்பா"ன்னு சொல்றாங்க. எப்போ பண்ணினாலும் தூங்குறான். பின்னாடி அவன் சத்தம் கேக்குது.

உசிலம்பட்டி வந்துடுச்சா? நீங்க இறங்கி டீ சாப்பிடுங்க. எனக்கு வேண்டாம்.

என்ன, சாப்பிடலையா? ஏன் என் காலையே பார்க்கிறீங்க? இந்த ஷூவா? இது புதுசுதான். மேட்ச் முடிஞ்ச மறுநாள் தலைவர் எங்க வீட்டுக்கு அனுப்பினார். நல்லா தடுத்து ஆடினதுக்கு. முதல் பாதி பார்த்தவருக்குத் தெரியும்ல, நான் எப்படி ஆடினேன்னு. இத்தனை வருஷத்தில் எவனாவது என் தடுப்பைப் பார்த்து ஏதாவது கொடுத்திருக்கானா? அவர் கொடுத்தார். எங்க அம்மா இதை வாசலுக்கு உள்ளேயே விடமாட்டேங்குது. "அதத் தூக்கிக் கெணத்துல போடுடா"ங்குது. கெணத்தில் எதுக்குப் போடணும்? என் சைஸு. தப்பு பண்ணினவன்தான் கெணத்தில் போடுவான். நான் போட்டுக்கிட்டே போய் லிவி முன்னாடி நிப்பேன்.

எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், அண்ணே. ஊர் என்ன வேணும்னாலும் சொல்லட்டும். அவன் ஒரே ஒரு தடவை, "நீ இல்லடா, எனக்குத் தெரியும்"னு சொன்னா போதும். அவனுக்குத் தெரியும். தெரியாம இருக்காது. என் கால் அங்கே இல்லை.

கோச்சா? கோச் வர்றதில்லை. கோர்ட் பூட்டிக் கிடக்கு. நேத்து அவர் கம்பத்துமேலே நின்னு வேலை பார்த்துக்கிட்டு இருந்தார், நான் கேன் வண்டியோட கீழே போனேன். "சார், நீங்களாவது சொல்லுங்க சார், என் கால் இல்லைன்னு"ன்னேன். மேலிருந்தே பார்த்தார். "உன் கால் அங்க இல்லைன்னு எனக்குத் தெரியும்டா"ன்னார். அவ்வளவுதான். திரும்பி வயரைப் பிடிச்சுக்கிட்டார். தெரியும்ல? தெரிஞ்சா ஊர்ல சொல்ல வேண்டியதுதானே? ஆனா அதைச் சொன்ன விதம் இருக்கே, என்னமோ நான்தான் செஞ்ச மாதிரி.

என்ன கேட்டீங்க? டைம் அவுட்லயா?

டைம் அவுட்ல என்ன சொல்லுவாங்க, வழக்கமாச் சொல்றதுதான். தண்ணியைக் குடி, மூச்சை இழுத்து விடு. எல்லாரும் சுத்தி நின்னோம். கோச் மத்தவங்களை விட்டுட்டு என் சட்டையை நெஞ்சுகிட்டப் பிடிச்சார். ஒரு தடவை காரைப் பார்த்தார், ஒரு தடவை யோகேஷைப் பார்த்தார். அப்புறம் எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி சொன்னார்.

"யாருடா மாத்தச் சொன்னது? லிவிய நீ பிடி. அடிச்சா அடிக்கட்டும், தோத்தா தோக்கிறோம். ஆனா நீ மட்டும் பிடி. வேற எவனையும் அவன்கிட்ட விடாத. புரியுதா?"

"சரி சார்"ன்னேன்.

விசில் அடிச்சாங்க. லிவி வலது மூலைக்கு ஓடினான். ஓடும்போது என் பக்கம் திரும்பி, நான் வர்றேனான்னு ஒரு தடவை பார்த்தான். நான் மத்தவனைப் பிடிக்கப் போனேன்.